பொலித்தீனின் இரு பிறவிகள்

இலங்கையின் நகரங்களில் மதிய வேளையிற் சோற்றுப் பொதி வாங்கியோர் பல்லாண்டுகளாகக் கேட்டுப் பழகிய ஓசையொன்று உண்டு. பொதியை அவிழ்க்கும்போது, வாழையிலையின் இடத்தைப் பிடித்துக்கொண்ட மெல்லிய தாள் சலசலக்கும் ஓசை அது. நீர் கலந்த பாலைப் போன்ற மங்கல் நிறமும், மடித்தால் மடிப்பு நிற்கும் விறைப்பும் உடைய அத்தாள் பொலித்தீனால் ஆனது. பலசரக்குக் கடையிற் பருப்பையும் சீனியையும் நிறுத்துக் கட்டிக் கொடுக்கும் தெளிந்த பையும் பொலித்தீனே. ஆயினும் பின்னையது சலசலப்பதில்லை. கைக்குத் துணிபோல இசைந்து கொடுக்கும். விரலால் அழுத்தினால் இழுபட்டுப் பள்ளமாகும்.

இரண்டையும் ஓர் இரசாயன அறிஞரிடம் கொடுத்துப் பகுத்துப் பார்க்கச் சொன்னால், அவர் தரும் விடை ஒன்றாகவே இருக்கும். ஒரு காபன் அணுவுக்கு இரண்டு ஐதரசன் அணுக்கள், வேறொன்றும் இல்லை. ஒரே பொருள்கள், ஒரே விகிதம், குணமோ இரண்டு. கல்லும் மரமும் ஒன்றாயிருந்தும் ஒரு வீடு மற்றொரு வீட்டை ஒவ்வாதிருப்பது கட்டிய முறையினால் அன்றோ? மூலக்கூறுகளிடத்தும் நிகழ்வது அதுவே. ஆயின் கண்ணுக்கெட்டாத ஒரு சங்கிலி நேராயிருக்கிறதா, கிளைத்திருக்கிறதா என்பதே கையிலுள்ள தாளின் விறைப்பைத் தீர்மானிக்கிறது என்று சொல்வதற்கு முன், அப்படியொரு சங்கிலி உண்டு என்பதை உலகம் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. அதற்கே ஒரு பெரும் வழக்கு நடந்தது.

அந்த வழக்கின் தொடக்கத்தில் நின்ற பொருள் இலங்கைக்கு நன்கு அறிமுகமானது. பிரேசிலில் திரட்டிய விதைகளிலிருந்து கியூ பூங்காவில் முளைப்பிக்கப்பட்ட ஏறத்தாழ 1,900 இறப்பர் நாற்றுகள் 1876ஆம் ஆண்டிற் கப்பலேறி வந்து, கம்பகாவை அடுத்த ஹெனரத்கொடைப் பூங்காவில் நடப்பட்டன. இறப்பர்ப் பாலிலிருந்து கிடைக்கும் பொருளையும், மலாய் நாட்டு மரமொன்றின் பாலிலிருந்து கிடைக்கும் கட்டாப்பேர்ச்சாவையும் பகுத்த அறிஞர்கள் இரண்டிலும் ஐந்து காபனுக்கு எட்டு ஐதரசன் என்ற ஒரே கணக்கையே கண்டனர். ஒன்று இழுத்தால் நீண்டு விட்டால் மீள்வது. மற்றது சாதாரண வெப்பநிலையில் தோலைப்போல் விறைத்து நிற்பது. கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறையாக நெடுங்காலம் பயன்பட்டது இந்த இரண்டாவதே. இவ்வேறுபாட்டுக்குக் காரணம் யாது என்பதற்கு அக்காலத்தில் தக்க விடை இல்லை. சிறிய வளைய மூலக்கூறுகள் பல ஏதோவொரு கவர்ச்சியால் ஒட்டித் திரண்டு நிற்பதே இறப்பர் என்று பெரும்பாலோர் கருதினர்.

இக்கருத்தை முதலில் முறையாக எதிர்த்தவர் ஹேர்மன் ஸ்டவுடிங்கர் என்னும் ஜேர்மனியர். சூரிச்சிற் பேராசிரியராக இருந்தபோது, 1920ஆம் ஆண்டில், இறப்பர் முதலியவை திரள்கள் அல்ல, ஆயிரக்கணக்கான அணுக்கள் சாதாரண இரசாயனப் பிணைப்பினாலேயே ஒன்றோடொன்று கோக்கப்பட்ட நீண்ட சங்கிலிகள் என்று எழுதினார். இரண்டாண்டு கழித்து அதற்கொரு சோதனையும் செய்து காட்டினார். இறப்பருடன் ஐதரசனைச் சேர்த்து அதன் இரசாயன இயல்பை மாற்றினால், வெறும் ஒட்டுதலால் நின்ற திரளாயின் அது சிதறிப் போதல் வேண்டும். அது சிதறவில்லை, முன்போலவே குழகுழத்த கரைசலையே தந்தது. பெருமூலக்கூறு என்னும் பெயரை அவர் வழங்கியது அந்த 1922இலேயே.

அறிவுலகம் அவரை வரவேற்கவில்லை. பளிங்குகளை எக்ஸ் கதிர்களால் ஆராய்ந்தோர், பளிங்கின் சிறு கூட்டைவிட மூலக்கூறு பெரிதாக இருத்தல் இயலாதென்றனர். பெருமூலக்கூறு என்ற எண்ணத்தையே விட்டுவிடும்படி பெரும் புகழ்படைத்த நண்பர் ஒருவரே அவருக்கு அறிவுரை கூறினார். சூரிச்சை விட்டுப் போகுமுன் நிகழ்ந்த கூட்டமொன்றில் எல்லாப் பக்கமும் எதிர்ப்பு எழவே, தம் நிலையினின்றும் பெயர முடியாதென்று மார்ட்டின் லூதரின் புகழ்பெற்ற சொற்களாலேயே அவர் விடையளித்தார் என்பர். 1926இல் டுசெல்டோர்ப் நகரில் நடந்த மாநாட்டின் பின்னர்க் காற்று மெல்ல அவர் பக்கம் திரும்பிற்று. அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததோ 1953இல், வயது 72 ஆனபோது.

வென்றவரிடத்தும் ஒரு பிழை இருந்தது. தம் சங்கிலிகள் விறைத்த கோல்கள் போல்வன என்று ஸ்டவுடிங்கர் நெடுங்காலம் வற்புறுத்தினார். அவை நூல்போல் வளைந்து சுருளக்கூடியவை என்று ஹேர்மன் மார்க் முதலியோர் கூறியதை அவர் எளிதில் ஏற்கவில்லை. சங்கிலி உண்டு என்பதை நிலைநாட்டியவரே அதன் நெளிவை மறுத்தார் என்பது அறிவு வரலாற்றில் அடிக்கடி காணும் விந்தை. அந்த நெளிவு கணக்கிற் சேர்ந்த பின்னரே இறப்பரின் புதிர் அவிழ்ந்தது. இறப்பரிற் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் ஒரே பக்கமாகத் திரும்புவதால் அது கோணலாகி, அயற்சங்கிலியோடு நெருங்கி அடுங்க மாட்டாது. கட்டாப்பேர்ச்சாவிற் கண்ணிகள் மாறி மாறித் திரும்புவதால் சங்கிலி நேராகி, அருகருகே படிந்து பளிங்காக இறுகும். மென்மையும் விறைப்பும் இவ்வாறு பிறந்தன.

பொலித்தீனின் கதை இதற்குச் சமாந்தரமாக, இங்கிலாந்தில், எவரும் எதிர்பாராத விதமாகத் தொடங்கியது. செசயர் மாகாணத்து நோத்விச் நகருக்கு அருகே வின்னிங்டன் என்னுமிடத்தில் இம்பீரியல் கெமிக்கல் இன்டஸ்ற்றீஸ் நிறுவனத்தின் ஆய்வுகூடம் இருந்தது. மிக உயர்ந்த அமுக்கத்தில் வாயுக்கள் எவ்வாறு நடந்துகொள்கின்றன என்று பார்ப்பதே அங்கு மேற்கொண்ட பணி. குறிப்பிட்ட பொருளொன்றை ஆக்கவேண்டும் என்ற நோக்கம் இல்லை. 1933 மார்ச்சு மாதம் 24ஆம் திகதி வெள்ளிக்கிழமை, ரெஜினல்ட் கிப்சன், எரிக் போசெற் ஆகிய இருவரும் எதிலீன் வாயுவையும் வாதுமை மணமுள்ள பென்சல்டிகைட்டு என்னும் திரவத்தையும் ஓர் உருக்குக் கலத்திலடைத்து, ஆயிரம் வளிமண்டலத்துக்கு மேற்பட்ட அமுக்கத்தில், 170 பாகை செல்சியசு வெப்பநிலையில் வைத்துவிட்டு வீடு சென்றனர். திங்கட்கிழமை, 27ஆம் திகதி, கலத்தைத் திறந்தபோது இரண்டும் சேர்ந்து எதிர்பார்த்த பொருளைத் தரவில்லை. குழாயின் நுனியில் மட்டும் மெழுகு போன்ற வெண்மையான ஏதோ ஒன்று படிந்திருந்தது. அதன் நிறை ஒரு கிராமிற் பாதியும் இல்லை. மெழுகு போன்ற திண்மம் கிடைத்ததென்று கிப்சன் குறிப்பேட்டிற் சுருக்கமாகப் பதிந்து வைத்தார்.

மெழுகு போன்ற இவ்வெண்பொருளை உலகம் முன்னரே ஒருமுறை கண்டிருந்தது. 1898இல் ஹான்ஸ் பொன் பெக்மன் என்னும் ஜேர்மானியர் வேறொரு சேர்வையிலிருந்து தற்செயலாகப் பெற்றதும், வேறிருவர் பகுத்துப் பார்த்துக் காபனும் இரட்டை ஐதரசனும் தொடர்ந்து கோத்தது என்று 1900இல் அறிவித்ததும் இதுவே. ஆனால் சங்கிலி மூலக்கூறு என்ற எண்ணமே பரவாத காலத்தில் அதனை எவரும் பொருட்படுத்தவில்லை.

வின்னிங்டனிலும் அது மறைந்துபோயிருக்கும். எதிலீனை மட்டும் வைத்துச் சோதனையைத் திரும்பச் செய்தபோது கலம் வெடித்தது. ஆபத்தை அஞ்சி முயற்சி நிறுத்தப்பட்டது. 1935 செப்தெம்பரில், கேம்பிரிட்சில் பரடே கழகம் பல்பகுதியங்களைப் பற்றி நடத்திய மாநாட்டில் போசெற் எழுந்து, எதிலீனிலிருந்து நீண்ட சங்கிலிப் பொருளொன்றைப் பெற்றதாகக் கூறினார். ஸ்டவுடிங்கரும், நைலோனை ஆக்கிய வாலஸ் கரோதர்சும் அவையில் இருந்த மாநாடு அது. எதிலீன் அவ்வாறு கோக்கப்படும் என்பதை அங்கு எவரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அவ்வாண்டு திசெம்பரில் மைக்கேல் பெரினும் துணைவர்களும் வலிய கலமொன்றில் மீண்டும் முயன்றனர். அமுக்கம் படிப்படியாகத் தாழ்ந்தது. வாயு மாற்றமடைகிறது என்றெண்ணி அவர்கள் மேலும் எதிலீனைச் செலுத்தினர். பின்னர்த் திறந்து பார்த்தபோது ஏறத்தாழ 8 கிராம் வெண்தூள் கிடைத்தது. உண்மையில் அமுக்கம் தாழ்ந்ததில் ஒரு பங்கு, மூட்டொன்றில் ஏற்பட்ட கசிவினால் நேர்ந்தது. கசிவை ஈடுசெய்யப் புதிதாகச் செலுத்திய எதிலீனில் சிறிதளவு ஒட்சிசன் கலந்திருந்தது. அந்த ஒட்சிசனே சங்கிலியை வளரத் தூண்டியது. ஒட்சிசன் மிகுந்தால் வெடிப்பு, இல்லையேல் ஒன்றும் நிகழாமை. இரண்டுக்கும் இடையிலுள்ள மயிரிழை அளவு அன்று ஒரு மூட்டின் பழுதினாற் கிடைத்தது.

பொருளின் பயனை முதலில் உணர்ந்தவர்கள் கடலடிக் கம்பி செய்வோருடன் பழகியவர்கள். கட்டாப்பேர்ச்சாவுக்கு இது மாற்றாகும் என்று அவர்கள் கண்டனர். தொழிற்சாலை உற்பத்தி தொடங்கிய நாள் 1939 செப்தெம்பர் 1. ஜேர்மன் படை போலந்துக்குள் நுழைந்ததும் அன்றே. மிக விரைந்த மின்னலைவுகளையும் வீணாக்காது காக்கும் உறை இதுபோல் வேறொன்று அப்போது இல்லாமையால், விமானங்களில் ஏற்றத்தக்க சிறிய ரேடார்க் கருவிகளுக்கு இது இன்றியமையாததாயிற்று. அட்லாந்திக்குக் கடலில் நீர்மூழ்கிகளைத் தேடிய கருவிகளின் கம்பிகளுக்குள்ளே வின்னிங்டன் மெழுகு இருந்தது. போர் முடிந்த பின்னரே அது தாளாகவும் பையாகவும் புட்டியாகவும் வீட்டுக்குள் வந்தது.

இந்த முதற் பொலித்தீன் மென்மையானது, கொதிநீரில் தளர்ந்துவிடும். நேரான சங்கிலிகள் மட்டும் கொண்டதாயின் அது இன்னும் கெட்டியாகவும் உயர்ந்த வெப்பநிலையில் உருகுவதாகவும் இருத்தல் வேண்டுமே என்ற ஐயம் எழுந்தது. விடை 1940இற் கிடைத்தது. செந்நிறக்கீழ்க் கதிர்களைப் படலத்தினூடே செலுத்தி ஆராய்ந்த பொக்ஸ், மார்ட்டின் என்னும் இருவர், சங்கிலியின் நுனிகளில் மட்டும் இருக்கவேண்டிய மூன்று ஐதரசன் கொண்ட காபன் கூட்டங்கள் மிதமிஞ்சி இருப்பதைக் கண்டனர். ஒரு சங்கிலிக்கு இரண்டே நுனிகள். அதற்கு மேல் நுனிகள் இருக்குமாயின் கிளைகள் உண்டு என்பதே பொருள். இவ்வகைப் பொலித்தீனில் ஆயிரம் காபன் அணுக்களுக்கு இருபது முப்பது கிளைகள் வரை காணப்படும். கிளை எவ்வாறு தோன்றுகிறது என்பதை 1953இல் அமெரிக்க அறிஞர் றோடல் விளக்கினார். பேரமுக்கத்தில், பெருவெப்பத்தில், வளர்ந்துகொண்டிருக்கும் சங்கிலியின் நுனி, பாம்பு தன் உடலையே கடித்தாற்போலப் பின்னால் வளைந்து, தன் உடலிலிருந்தே ஓர் ஐதரசனைப் பறிக்கும். வளர்ச்சி அப்பறித்த இடத்துக்கு மாறிவிடும். விடுபட்ட நுனி ஒரு குறுங்கிளையாகத் தொங்கும்.

கிளை ஏன் விறைப்பைக் குறைக்கிறது? சீவி எடுத்த ஈர்க்குகளை ஒன்றுசேர்த்துக் கட்டினால் இறுகிய கட்டாகும். அதே அளவு முட்சுள்ளிகளைக் கட்ட முயன்றால் இடையிடையே வெற்றிடம் விழும், அழுத்தினால் ஒடுங்கும். சங்கிலிகளும் அவ்வாறே. நேரானவை அருகருகே படிந்து பளிங்குப் பகுதிகளாகின்றன. கிளையுள்ள இடம் பளிங்கினுள் நுழைய மாட்டாது வெளியே தங்கி, ஒழுங்கற்ற நெளிந்த பகுதியாகிவிடுகிறது. பளிங்குப் பகுதிகள் கல்லாகவும், நெளிந்த பகுதிகள் களியாகவும் அமைந்த சுவர் போன்றது இப்பொருள். கல் மிகுந்தால் விறைப்பு. களி மிகுந்தால் நெகிழ்வு. கிளைத்த பொலித்தீனிற் பளிங்கு ஏறத்தாழப் பாதி, அடர்த்தி 0.92 அளவு. ஒளி பளிங்குகளிற் பட்டுச் சிதறுவது குறைவாதலின் படலம் தெளிவாக இருக்கும்.

நேரான சங்கிலி வேண்டுமாயின் பேரமுக்கம் இல்லாத வழியொன்று வேண்டும். அது கிடைத்த இடம் ஜேர்மனியின் ரூர் நிலக்கரிப் பிரதேசத்தில் உள்ள மியூல்ஹைம். அங்கிருந்த நிலக்கரி ஆராய்ச்சி நிறுவனத்துக்கு 1943இல் இயக்குநராக அழைக்கப்பட்ட கார்ல் சீக்லர், நிலக்கரியைப் பற்றித்தான் ஆராயவேண்டும் என்ற கட்டுப்பாடு தமக்கு இருத்தலாகாது என்ற நிபந்தனையோடு பதவியேற்றவர். உலோகமும் காபனும் நேரடியாகப் பிணைந்த சேர்வைகளே அவரது வாழ்நாள் ஈடுபாடு. அலுமினியச் சேர்வையொன்றிற்கும் காபனுக்கும் இடையே எதிலீன் ஒவ்வொன்றாக நுழைந்து சங்கிலி வளர்வதை அவர் கண்டிருந்தார். ஆனால் நூறு காபனுக்கு அப்பால் அது வளரவில்லை.

ஒருநாள் ஹொல்ஸ்காம்ப் என்னும் மாணவர் செய்த சோதனையில் அந்தச் சிறு வளர்ச்சிகூட நிகழவில்லை. இரண்டு எதிலீன் சேர்ந்த சிறு மூலக்கூறோடு எல்லாம் நின்றுவிட்டன. பழுதென்று தள்ளிவிடத்தக்க விளைவு. சீக்லர் அதனைத் தள்ளவில்லை. கலத்தினுட் புகுந்த மாசு யாதென்று வாரக்கணக்காகத் தேடச் செய்தார். கலம் துருவேறா உருக்காலானது. அதிலிருந்த நிக்கல், துப்புரவு செய்தபோது நுண்ணிய அளவில் வெளிப்பட்டுத் தங்கியிருந்தது. நிக்கல் சங்கிலியை நிறுத்துமாயின் வேறு உலோகங்கள் என்ன செய்யும்? உலோகங்களின் அட்டவணையை வைத்துக்கொண்டு ஒன்றன்பின் ஒன்றாகச் சோதித்தனர். நிறுத்துவதையே தேடிய அவ்வேட்டையில், 1953இல், பிரைல் என்னும் மாணவர் சிர்க்கோனியச் சேர்வையைச் சேர்த்தபோது கலம் முழுவதும் வெண்திண்மத்தால் நிறைந்திருந்தது. பின்னர் ஹைன்ஸ் மார்ட்டின் தைத்தேனியக் குளோரைட்டைச் சேர்த்தார். அதன் வேகத்துக்கு உருக்குக் கலமே வேண்டியிருக்கவில்லை. சாதாரண கண்ணாடிப் பாத்திரத்தில், சாதாரண வளிமண்டல அமுக்கத்தில், எதிலீனைக் குமிழியிடச் செய்தாலே பொலித்தீன் வெண்களியாகத் திரண்டது. ஊறுகாய் போட்டு வைக்கும் சாடியொன்றே போதும் என்ற நிலை. ஆயிரம் வளிமண்டலத்துக்கு வின்னிங்டனில் எழுப்பிய இரும்புக் கோட்டைகளை நினைத்தால் இதன் வியப்பு விளங்கும்.

ஊக்கியின் மேற்பரப்பில், உலோகத்துக்கும் சங்கிலிக்கும் இடையிலே ஒவ்வோர் எதிலீனாக ஒழுங்காய் நுழைவதால் நுனி பின்வளைந்து கடிப்பதற்கு இடமில்லை. சங்கிலி நேராகவே நீள்கிறது. பளிங்கு முக்காற்பங்கையும் எட்டுகிறது, அடர்த்தி 0.96 வரை ஏறுகிறது. 130 பாகைக்கு மேலேயே உருகுகிறது. பழையது 110 பாகையை அண்டியே உருகிவிடும். இழுவைக்கு எதிர்ப்பைக் காட்டும் யங்கின் மட்டு மூன்று நான்கு மடங்காகிறது. கொதிநீரூற்றினாலும் நெளியாத வாளியும், கையிற் சலசலக்கும் தாளும் இதிலிருந்தே பிறந்தன.

அமெரிக்காவின் ஒக்லகோமா மாநிலத்துப் பார்ட்டில்ஸ்வில் நகரில், பிலிப்ஸ் எண்ணெய்க் கம்பனியின் ஹோகன், பாங்ஸ் ஆகிய இருவர் 1951இலேயே குரோமியம் கொண்ட வேறோர் ஊக்கியால் இத்தகைய நேர்ச்சங்கிலிப் பொருளைப் பெற்றிருந்தனர். தொடக்கத்தில் அவர்களது சரக்கு எதிர்பார்த்தபடி விலைபோகாது களஞ்சியங்களில் குவிந்தது. அதனைக் காப்பாற்றியது 1958இற் பிள்ளைகள் இடுப்பிற் சுழற்றிய ஹூலா வளையம் என்னும் விளையாட்டுப் பொருள் என்பது இவ்வரலாற்றின் வேடிக்கைப் பக்கம்.

வேடிக்கையல்லாத பக்கமும் உண்டு. சீக்லரின் நண்பரும், அவரது ஊக்கியைப் பற்றி ஒப்பந்த மூலம் அறிந்திருந்தவருமான இத்தாலியப் பேராசிரியர் ஜூலியோ நாட்டா, 1954 மார்ச்சு மாதத்தில் அதே வகை ஊக்கியை எதிலீனுக்கு அடுத்த புரொப்பிலீனில் இட்டு வெற்றிகண்டார். அதற்கான உரிமை யாருடையது என்பதிற் பிணக்கு எழ, நட்புக் கசந்தது. 1963இல் நோபல் பரிசை இருவரும் பகிர்ந்து பெற்றனர். ஆயினும் பழைய நெருக்கம் போய்விட்டிருந்தது. நாட்டாவின் பங்கு சிறியதன்று. பொலிப்புரொப்பிலீனிற் சங்கிலியின் ஒவ்வோர் இரண்டாவது காபனிலும் ஒரு சிறு கூட்டம் தொங்குகிறது. அக்கூட்டங்கள் யாவும் ஒரே பக்கமாக அமைந்தால் 165 பாகை வரை உருகாத விறைத்த பொருள் கிடைக்கும்; தாறுமாறாக அமைந்தாற் பிசின்போல் ஒட்டும் களியே மிஞ்சும். அணுக்கள் ஒன்று, விகிதம் ஒன்று, சங்கிலியின் நேர்மையும் ஒன்று. இடம் வலம் என்ற பேதமே அத்தனையும் செய்கிறது. ஒரே பக்க அமைப்புக்கு வழங்கும் பெயரைக் கிரேக்கச் சொற்களிலிருந்து ஆக்கித் தந்தவர் நாட்டாவின் மனைவி ரொசிற்றா.

நேர்ச்சங்கிலிகள் பளிங்கில் எவ்வாறு அமைகின்றன என்ற வினா மிஞ்சியிருந்தது. 1957இற் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்து அன்ட்ரூ கெலர், மிக நீர்த்த கரைசலிலிருந்து பொலித்தீனின் தனிப் பளிங்குகளை வளர்த்து இலத்திரன் நுணுக்குக்காட்டியிற் பார்த்தார். சாய்சதுர வடிவான தகடுகள். தடிப்போ ஏறத்தாழ 10 நனோமீற்றர் மாத்திரம். எனினும் சங்கிலிகள் தகட்டுக்குச் செங்குத்தாக நிற்கின்றன என்று அளவீடு காட்டியது. தகட்டின் தடிப்பைவிடப் பன்மடங்கு நீண்ட சங்கிலி அதற்குள் எவ்வாறு அடங்கும்? மேலே சென்று மடிந்து, கீழே வந்து மடிந்து, கொசுவிய சேலை மடிப்புப்போல் அடங்குகிறது என்று கெலர் முடிவு செய்தார்.

இம்முடிபு விறைப்பைப் பற்றிய ஓர் உண்மையையும் வெளிப்படுத்தியது. காபன் சங்கிலியைத் தனியே நீளவாட்டில் இழுத்தால் அது உருக்கோடு போட்டியிடும் வலிமை காட்ட வல்லது. மடிந்து கிடப்பதாலும், மடிந்த தகடுகளிடையே நெளிந்த பகுதி இருப்பதாலுமே சாதாரணத் தாளில் அவ்விறைப்பு வெளிப்படுவதில்லை. மடிப்பை அவிழ்த்து எல்லாச் சங்கிலிகளையும் ஒரே திசையில் நிறுத்தினால்? நெதர்லாந்தின் டீ. எஸ். எம். நிறுவனத்தில் 1979ஐ அடுத்து சிமித், லெம்ஸ்ட்றா ஆகியோர் மிக நீண்ட சங்கிலிகளைக் கரைத்துக் களியாக்கி நூலாக இழுத்து அதனைச் செய்து காட்டினர். அந்நூலின் யங்கின் மட்டு உருக்கினதிற் பாதியை எட்டியது. குண்டு துளைக்காத கவசங்களும் கப்பற் கயிறுகளும் அதனால் ஆக்கப்படுகின்றன. மூலப்பொருள் சோற்றுப் பொதியின் தாளினது போன்ற அதே பொலித்தீன்தான்.

சாதாரணத் தாள் செய்யும் முறையிலும் இதன் சிறு சாயல் உண்டு. உருகிய பொலித்தீனை வளைய வடிவான வாயினூடே குழாயாகத் தள்ளி, உள்ளே காற்றூதி, பெரிய குமிழாக விரித்துக் குளிரச் செய்து மடித்துச் சுருட்டுகின்றனர். மேல்நோக்கி இழுபடும் திசையிற் சங்கிலிகள் ஓரளவு வரிசையாகின்றன. ஆதலின் பை ஒரு திசையில் இலகுவாகக் கிழிவதும், மறுதிசையிற் கிழிய மறுப்பதும் வழக்கம். இங்கே கிளைத்த பொலித்தீனுக்கு ஒரு நன்மையும் உண்டு. நீண்ட கிளைகள் உருகிய நிலையில் ஒன்றையொன்று பற்றிக்கொள்வதாற் குமிழ் தளராது நிற்கும். கிளை என்பது குறையென்று கொள்ளுதல் தவறு. பின்னாளில், நேர்ச்சங்கிலியில் அளவறிந்து குறுங்கிளைகளை வேண்டுமென்றே பொருத்திய மூன்றாவது வகையும் பெருகியது. கிழியாமை அதன் சிறப்பு.

படலம் மெலிய மெலிய விறைப்பு என்னாகும்? தடிப்பைப் பாதியாக்கினால் இழுவைக்குக் காட்டும் எதிர்ப்புப் பாதியாகும். வளைவுக்குக் காட்டும் எதிர்ப்போ எட்டிலொன்றாகிவிடும். இது வடிவக் கணக்கு. பொருளின் இயல்பு மாறுவதில்லை. இன்னும் மெலிந்தால் இயல்பே மாறும் என்பது பிற்காலத்துக் கண்டுபிடிப்பு. 1994இற் கேம்பிரிட்சிற் கெடி, ஜோன்ஸ், கோறி ஆகியோர் பொலிசுதைரீன் படலம் 40 நனோமீற்றருக்குக் கீழே மெலியும்போது, அது கண்ணாடிபோல் இறுகும் வெப்பநிலை தாழ்வதைக் கண்டனர். 10 நனோமீற்றரில் ஏறத்தாழ 25 பாகை வீழ்ச்சி. அத்துணை மெல்லியதைப் பிடித்திழுத்து விறைப்பை அளத்தல் இயலாது. 2004இல் அமெரிக்காவின் தேசிய நியம ஆய்வு நிறுவனத்தார் அதற்கு நயமான வழி கண்டனர். படலத்தை மெல்லிய இறப்பர் மீது ஒட்டி இறப்பரைச் சற்று அமுக்கினால், வாடிய பழத்தின் தோல்போற் படலம் சுருங்கும். சுருக்கங்களுக்கிடையேயுள்ள தூரத்திலிருந்து விறைப்பைக் கணக்கிடலாம். இவ்வழியால் அளந்தபோது, ஏறத்தாழ அதே 40 நனோமீற்றர் எல்லைக்குக் கீழே படலத்தின் மட்டு தாழ்வது தெரிந்தது. நட்சத்திரம்போற் கிளைத்த மூலக்கூறுகளாலான மென்படலங்கள் நேர்ச்சங்கிலிப் படலங்களின் வழியே செல்வதில்லை என்பதும் பின்னர்க் காணப்பட்டது.

கடைத்தாள் இவ்வெல்லைக்கு இருநூறு மடங்குக்கும் மேலே நிற்பது. அதன் குணம் இன்னும் பளிங்கும் கிளையும் வகுத்த குணமே. ஆயினும் அதன் மெலிவுக்குக் காரணம் மியூல்ஹைமிலும் பார்ட்டில்ஸ்விலிலும் கிடைத்த விறைப்பு. பொருள் மூன்று நான்கு மடங்கு விறைப்பாயின், அதே சுமையை அதே அளவு இழுபட்டுத் தாங்க மூன்றிலோ நான்கிலோ ஒரு பங்கு தடிப்புப் போதும். வணிகர்கள் இக்கணக்கை விரைவில் உணர்ந்தனர். சுவீடனில் ஸ்டென் குஸ்தாவ் தூலின் என்பவர் குழாய்ப்படலத்தை மடித்து ஒட்டி வெட்டிக் கைப்பிடியோடு கூடிய பையை அமைத்தார். அதற்கு 1965இல் அமெரிக்க உரிமைப்பத்திரம் வழங்கப்பட்டது. நேர்ச்சங்கிலிப் பொலித்தீனில் அப்பை பத்துப் பதினைந்து மைக்கிரோன் அளவுக்கு மெலிந்தது. விறைத்த படலம் கசங்கும்போது சிறு சிறு முகப்புகளாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் திடீரென்று ஒரு வளைவிலிருந்து மறுவளைவுக்குத் தாவும்; அத்தாவல்களின் தொகுதியே காதில் விழும் சலசலப்பு. கிளைத்த பொலித்தீன் தாவாது, இணங்கிவிடும். சிங்கள மக்கள் இந்தப் பையைச் ‘சிலிசிலி’ என்று ஓசையாலேயே அழைத்தது, மூலக்கூற்றின் நேர்மைக்குச் செவியால் இட்ட பெயர் எனலாம்.

மெலிந்த பை மலிந்தது. மலிந்ததை எவரும் திரும்ப எடுத்து வைப்பதில்லை. நேர்ச்சங்கிலியில் நுண்ணுயிர் கடிப்பதற்கு இலகுவான இடமும் இல்லை. வடிகான்களிலும் வயல்களிலும் யானைகள் மேயும் குப்பைமேடுகளிலும் அது தங்கிவிட்டது. 2017 ஏப்ரல் 14ஆம் திகதி கொழும்பை அடுத்த மீதொட்டமுல்லையிற் குப்பைமலை சரிந்து 30க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவ்வாண்டு செப்தெம்பர் 1ஆம் திகதி முதல் இலங்கையில் 20 மைக்கிரோனும் அதற்குக் குறைந்த தடிப்பும் உள்ள பொலித்தீனும், சோறு பொதியும் பொலித்தீன் தாளும் தடைசெய்யப்பட்டன. அத்தடையை அறிவித்த வர்த்தமானிகளில், பை செய்தற்குப் பயன்படுத்தலாகாத மூலப்பொருள் பெயர் சொல்லியே குறிக்கப்பட்டிருந்தது: உயர் அடர்த்திப் பொலியெதிலீன்.